தண்ணீர் குடித்த சிங்க்

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. நானே பல நாள் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். நான் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். கதவைப் பூட்டிவிட்டு மாடிப்படி முழுக்க இறங்கி, மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். இதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அது வர வேண்டிய இடத்தில் சொல்லாமல் தள்ளி வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் என்னால் மீதியை எழுத முடியாது.

பகலில் எனக்குக் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் வேலை. மாலையில் பிளம்பிங் வகுப்பு. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாள். "உங்க வீட்டுக் குழாய் ஒழுகும்போது வருவீங்கல்ல, அப்ப சொல்றேன்." அப்படிச் சொன்ன அம்மா, நான் ஒரு குழாயை ஒழுங்காக வெட்டக் கற்றுக்கொள்வதற்குள் போய்விட்டாள்.

சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வலியைப் பொறுத்துக்கொண்டாள். ஊசியைப் பொறுத்துக்கொண்டாள். தாகத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மீறினால் உடம்பில் தேங்கும், மூச்சை அடைக்கும். அப்பாவிடம் அந்தக் கணக்கை விட்டால் சரிப்படாது. அம்மா ஒரு பார்வை பார்த்தால் போதும், அவர் ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. ஒரு டம்ளரில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டேன். கோடு வரைக்கும்தான்.

"வார்டன் வந்தாச்சு" என்பாள் அம்மா, என் கையில் டம்ளரைப் பார்த்ததும்.

அவள் குடிக்கும் சத்தம் எனக்கு மனப்பாடம். மடக்... மடக்... நடுவில் மூச்சு விட ஒரு சின்ன இடைவெளி. மறுபடி மடக். குடித்து முடித்ததும் ஒரு "ஹா..." அந்த "ஹா"வில் ஒரு சந்தோஷம் இருக்கும். சில நாள் காலையிலேயே கணக்கு தீர்ந்துவிடும். மாலையில் கெஞ்சி வாங்கி ஒரு வாய் குடிக்கும்போது நான் "போதும்மா" என்பேன். அந்த நொடியே டம்ளரை இறக்கிவிடுவாள். சண்டை போட்டதே இல்லை. வாயில் இருப்பதை விழுங்கலாமா என்று கண்ணால் கேட்பாள்.

கடைசி நாளன்று கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த டம்ளர் இருந்தது. கோட்டுக்குக் கீழே பாதித் தண்ணீர். எல்லாரும் போன பிறகு நான்தான் அதை எடுத்துப் போய்ச் சிங்கில் கொட்டினேன். கொட்டாமல் வேறு என்ன செய்வது?

அந்தச் சிங்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீடு கட்டடத்தின் மேல்மாடி. மேலே மொட்டைமாடி மட்டும்தான். சமையலறைக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு ஒரு சந்து. அதில் ஒரு சிங்க், பக்கத்திலேயே வாஷிங் மெஷின். மெஷினின் அழுக்குத் தண்ணீர்க் குழாயை நிமிர்ந்து நிற்கும் ஒரு பைப்பில் சொருகியிருக்கும். அந்தப் பைப்பும் சிங்கின் பைப்பும் ஒரு சாண் இடைவெளியில் ஒரே சுவருக்குள் போய் மறையும். அதற்குமேல் என்ன ஆகிறது என்பது வெளியே தெரியாது.

அம்மா போய் ஒரு மாதம் இருக்கும். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தேன். வீடு முழுக்க இருட்டு. மெஷின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. சந்தில் அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். புத்தகம் பைண்டிங் செய்து ஓய்வு பெற்றவர் அவர். சும்மா இருக்கும்போதும் கைவிரல்கள் தாள் மடிப்பதுபோல அசைந்துகொண்டே இருக்கும். அன்று அசையவில்லை.

"என்னப்பா, இருட்டுல?"

"லைட் போடாத. உக்காரு. இப்ப வரும்."

"எது வரும்?"

"உஷ்..."

மெஷின் சுற்றுவதை நிறுத்தியது. 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு பம்ப் ஓடி அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்தது.

சிங்கிலிருந்து வந்தது.

மடக்... மடக்...

ஒரு சின்ன இடைவெளி.

மடக்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. சிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டிலும் அவர் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறா" என்றார்.

அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. மறுநாள் காலையில் வெளிச்சத்தில் எனக்கு என்மேலேயே வெட்கமாக இருந்தது. முந்தின வாரம்தான் வகுப்பில் இதே சத்தத்தைப் படித்திருந்தோம். சிங்குக்கு அடியில் குழாய் வளைந்து இருக்கும். டிராப் என்போம். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் பூட்டுப் போட்டதுபோல் தடுப்பது. இப்போது மெஷின் வேகமாகத் தண்ணீரைத் தள்ளுகிறது. இரண்டு குழாயும் உள்ளே சேர்ந்திருந்து, காற்று வர வழியில்லை என்றால், ஓடுகிற தண்ணீர் பின்னாலிருந்து இழுக்கும். டிராபில் நிற்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது வருவதுதான் இந்த மடக் மடக்.

டார்ச்சுடன் சிங்குக்கு அடியில் படுத்தேன். டிராபைக் கழற்றிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. திறந்த குழாயிலிருந்து நாற்றம் முகத்தில் அடித்தது. எனக்கு நிம்மதி. பாடம் சரியாக இருந்தது.

அப்பாவிடம் விளக்கினேன். "எண்ணெய் டின்ல ஒரே ஓட்டை போட்டு ஊத்தினா எப்படி ஊத்தும்? மடக் மடக்னு விட்டு விட்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா சத்தமே இல்லாம ஒழுகும். காத்து போக வழி வேணும்பா. இந்தக் குழாய்க்கு மேல ஒரு காத்துக்குழாய் வெச்சா சரியாயிடும்."

கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"உங்க அம்மா எண்ணெய் டின்னு இல்ல."

நான் டார்ச்சைக் கொண்டுபோய் வைத்தேன்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் இடறின. நான் என் துணியை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. டிராபும் நிறைந்தே இருந்தது. துணி குறைவு, தண்ணீரும் குறைவு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அப்பா ஓட்டினார். சத்தம் வந்தது. மெஷினைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு துணிதான் இருந்தது. அம்மா டயாலிசிஸ் படுக்கையில் போர்த்திக்கொள்ளும் நீலப் போர்வை. என் துணிகளைவிட மெல்லியது.

அப்பா அதைத்தான் தினமும் துவைத்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் எடுத்து மறுபடி துவைப்பார். நீலம் வெளுத்து, ஓரத்தில் நூல் பிரிய ஆரம்பித்திருந்தது.

போர்வை தண்ணீரை அதிகம் உறிஞ்சும், அதனால் பம்ப் அதிகம் தள்ளும். இதையும் நினைத்துக்கொண்டேன். எனக்கு விளக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் ஒரு நாள் மாலை, நான் கடையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தேன். வெளியே நல்ல வெளிச்சம். அப்பா ஸ்டூலில் இருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். பம்ப் நின்றது. மடக்குகளும் நின்றன.

பிறகு, மெதுவாக...

"ஹா..."

கடைசித் தண்ணீர் இறங்கி, காற்று உள்ளே நுழையும் சத்தம் அது. பாடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

கையிலிருந்த பாத்திரத்தை நான் கீழே போட்டது ஏன் என்பதுதான் தெரியவில்லை.

சாக்கடை நாற்றம் வீட்டில் தங்கிவிட்டது. தண்ணீர்ப் பூட்டு இல்லாத குழாய், திறந்து வைத்த சாக்கடைதான். சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அப்பா சந்தின் ஜன்னலையும் அடைத்துவிடுவார். சத்தம் அடங்கிய பிறகும் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருப்பார். டிராபில் நான் தண்ணீர் ஊற்றி வைப்பேன். அவர் மறுபடி மெஷினை ஓட்டுவார். மறுபடி காலி.

கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே ஏறி வந்தார். வாசலில் நின்றபடியே மூக்கைப் பொத்தினார்.

"ஏம்மா, பைப்பு படிக்கிறேன் பைப்பு படிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்ற. உங்க வீட்டு நாத்தம் எங்க வீட்டுத் தட்டுல வந்து உக்காருது."

"சரி பண்றேன் ஆன்ட்டி."

"எப்ப? எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு அடைச்சதுக்கு அப்புறமா? அந்தாளுக்கு ஏற்கனவே காது கேக்காது."

சிரிப்பு வந்தது. அம்மா இருந்திருந்தால் இதற்கு ஏதாவது பதில் வைத்திருப்பாள்.

அப்பாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு குமட்டல். ஒரு நாள் வகுப்பிலிருந்து வந்தபோது அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். ஜன்னல் அடைத்திருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. அக்குளில் கை கொடுத்து வாசல் வரை இழுத்துப் போனேன். காற்றுப் பட்டதும் இருமினார். என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க நான் அவர் நெஞ்சில் கை வைத்து, ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

"அப்பா, அந்தக் காத்து ஆளையே கொல்லும்பா."

அவர் சந்தின் பக்கமே பார்த்தார்.

"நீங்களும் போயிட்டா நான் யாருகிட்ட சண்டை போடறது?"

தரையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, அவ கேட்டப்பல்லாம் நாம குடுக்கல."

"டாக்டர் சொன்னாருப்பா."

"தெரியும். நான் உன்னைக் குத்தம் சொல்லல. இப்ப டாக்டர் இல்லியே. இப்பவாவது குடிக்கட்டுமே."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

"அந்தக் காத்துக்குழாயை வெச்சிடு. எனக்காக நீ அழுதுகிட்டு நின்னா அவ என்னைத்தான் திட்டுவா."

அடுத்த விடுமுறை நாளில் வேலையை வைத்துக்கொண்டேன். வகுப்பில் என்னோடு படிக்கும் ஒட்டகம் உதவிக்கு வந்தான். உயரம் அப்படி. ஏணி இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடுவான்.

"சுவருக்குள்ள ரெண்டு லைனும் சேருதான்னு பாத்தியா? கலர்த் தண்ணி ஊத்திப் பாக்கலாமா?" என்று கேட்டான்.

அதுதான் முறை. ஒரு குழாயில் வண்ணம் கலந்து ஊற்ற வேண்டும். கீழே போய் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சோதனையே அதுதான்.

"மெஷின் தண்ணியைத் தள்ளினா சிங்க் சத்தம் போடுது. டிராப் காலியாகுது. இதவிட வேற என்னடா சாட்சி வேணும்?"

"தாயே, நீயா பேசறது? நேத்து அளந்த பைப்பையே இன்னைக்கு மூணு தடவை அளக்கறவ நீ."

"வேலையைப் பாரு."

பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற நான், அன்று இதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

சிங்கின் டிராபைத் தாண்டி, சுவருக்குள் போகிற துண்டுக் குழாயை வெட்டி, அதில் மூன்று வாய் உள்ள ஒரு டீ இணைப்பு வைத்தோம். டீயின் நடு வாய் மேல்நோக்கி. அதிலிருந்து காற்றுக்குழாயை நேராக மேலே ஏற்றினோம். சிங்கின் விளிம்பைத் தாண்டிய பிறகுதான் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தாழ்வாகத் திருப்பினால் சிங்க் அடைத்துக்கொண்டு நிரம்பும்போது அழுக்குத் தண்ணீர் காற்றுக்குழாய்க்குள் ஏறிவிடும். சுவரில் துளை போட்டு வெளியே எடுத்து, மொட்டைமாடிக்கு மேல் நிமிர்த்தி, வாயில் வலை கட்டினோம். பசை காய விட்டோம். பார்க்க அழகாகவே இருந்தது. ஒட்டகம் தள்ளி நின்று பார்த்து, "கோயில் கொடிமரம் மாதிரி நிக்குது" என்றான்.

மாலை ஆறு நாற்பதுக்கு மெஷினைப் போட்டேன். உள்ளே நீலப் போர்வை. டிராபில் தண்ணீரை நிரப்பி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். அப்பா ஸ்டூலில். நான் சிங்குக்கு முன்னால். ஒட்டகம் வாசல்படியில். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

மெஷின் சுற்றியது. அப்பாவின் விரல்கள் தாள் மடித்துக்கொண்டிருந்தன.

சுற்றுவது நின்றது.

டக்.

பம்ப் ஓடத் தொடங்கியது. நான் காதைச் சிங்கின் பக்கம் சாய்த்தேன். ஒன்றும் இல்லை. தண்ணீர் சுவருக்குள் இறங்கிப் போகும் சத்தம் மட்டும். ஒட்டகம் கட்டைவிரலை உயர்த்தினான்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது...

மடக்.

ஒட்டகத்தின் விரல் அப்படியே நின்றது.

மடக்... மடக்...

"டீயைத் தலைகீழா வெச்சிட்டமா?" அவன் குரல் உள்ளே போயிருந்தது.

இல்லை. நான் பார்த்துத்தான் வைத்தேன்.

இடைவெளி. மூச்சு விடுகிற அளவு.

மடக்.

முன்னைவிட வேகமாக. அவசரமாக. யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்பதுபோல.

மடக் மடக் மடக்...

சிங்கின் துளைக்குமேல் என் முகம் இருந்தது. கீழிருந்து நாற்றம் வரவில்லை.

மருந்து வாசனை வந்தது.

நான் ஒரு வார்த்தை சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது.

மட...

நின்றது.

பாதியில். ஒரு மடக்கின் நடுவில். "ஹா" வரவில்லை. பம்ப் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. சிங்க் மட்டும் பேசாமல் இருந்தது.

மெஷின் முடித்துக்கொண்டு மணியடித்தது. மூன்று பேரும் துள்ளினோம்.

ஒட்டகம்தான் முதலில் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். "பைப்புல சிமெண்டுத் தூளு எதாவது அடைச்சிருக்கும். அது விலகினதும் காத்து புடிச்சிருச்சு. பாத்தியா, அப்படியே கட்டாயிருச்சு."

டார்ச் அடித்தேன். டிராபில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன். காற்றுக்குழாய் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பாடம் சரி.

அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ என்னமோ சொன்னியே."

"ஒண்ணும் சொல்லலப்பா."

அதற்குப் பிறகு சிங்க் சத்தம் போடவில்லை. நாற்றம் போனது. அப்பாவின் தலைவலியும் போனது. கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "படிச்சது வீண்போகல" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இன்னும் சில நாள் போர்வையைத் துவைத்துப் பார்த்தார். பிறகு அதை மடித்து அலமாரியில் வைத்தார். ஒரு காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது சொன்னார்.

"தாகம் தீந்திருக்கும். வயிறு நிறைஞ்சுதான் நிறுத்திட்டா. இல்ல பாப்பா?"

"ஆமாப்பா."

அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மழைக்காலத்தில் கட்டடத்தின் பின்சுவர் ஊறியது. பழைய குழாய்களை மாற்ற ஆட்கள் வந்தார்கள். எங்கள் சந்தின் சுவரை உடைத்தார்கள். தொழில் தெரிந்தவள் என்பதால் நானும் லீவு போட்டு நின்றேன். செங்கல்லை எடுத்ததும் குழாய்கள் தெரிந்தன.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இது மெஷின் லைன், இடது பக்கம் போவுது" என்றார் மேஸ்திரி. "இது சிங்க் லைன், வலது பக்கம். ரெண்டும் வேற வேற பைப்புல போய் விழுது."

"எங்க சேருது?"

"எங்கயும் சேரல. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லியே."

"முன்னாடி சேந்திருந்து, அப்புறம் யாராவது மாத்தியிருப்பாங்களோ?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சுவர் கட்டின அன்னைக்கு வெச்ச பைப்பு இது. பூச்சுகூட உடையல."

கலர்த் தண்ணீர் கரைத்து நானே ஊற்றினேன். மெஷின் குழாயில் சிவப்பு. கீழே ஓடிப் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் சிவப்பு வந்தது. வலது பக்கம் சிவப்பே இல்லை. இரண்டு முறை ஊற்றினேன். இரண்டு முறையும் அப்படியே.

மாலை வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டேன். யார் வீடு என்று சொல்லவில்லை. "சார், மேல்மாடி வீடு. சிங்க் தனி லைன். மெஷின் தனி லைன். மெஷின் ஓடும்போது சிங்க் டிராப் காலியாகுமா?"

"எப்படிம்மா ஆகும்? இழுக்கறதுக்கு அந்த லைன்ல என்ன இருக்கு?"

"காலியாயிருக்கு சார்."

சிரித்தார். "யாராவது அடியிலேர்ந்து வாய் வெச்சு உறிஞ்சினாத்தான் உண்டு."

வகுப்பே சிரித்தது. ஒட்டகம் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மெஷின் சிங்கை இழுக்கவே இல்லை என்றால், நான் வைத்த காற்றுக்குழாய் எதையும் நிறுத்தவும் இல்லை. பிறகு எது நிறுத்தியது?

தள்ளி வைத்த வார்த்தையை இப்போது சொல்கிறேன். அன்று மாலை சிங்கின்மேல் குனிந்து, நான் சொன்னது:

"போதும்மா."

அப்பாவுக்கு நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவரைப் பொறுத்தவரை அவள் வயிறு நிறைந்து போனவள்.

புதுச்சுவர் பூசிய அன்று அப்பா வெளியே போயிருந்தார். அலமாரியிலிருந்து நீலப் போர்வையை எடுத்து மெஷினில் போட்டேன். சிவப்புக் கோடு போட்ட டம்ளரைத் தேடி எடுத்தேன். கோட்டைத் தாண்டி, விளிம்பு வரை தண்ணீர் பிடித்தேன். சிங்கில் ஊற்றினேன். இன்னொரு டம்ளர். இன்னொன்று. அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பம்ப் ஓடத் தொடங்கியது.

"குடிம்மா" என்றேன். "எவ்வளவு வேணும்னாலும் குடி. நான் ஒண்ணும் சொல்லல."

தண்ணீர் சுவருக்குள் இறங்கிப் போனது. சிங்க் பேசவில்லை. மெஷின் முடித்து மணியடித்தது. நான் மறுபடி போட்டேன். மறுபடியும் சொன்னேன். கெஞ்சினேன்.

கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

டிராபில் தண்ணீர் நிறைந்து நின்றது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

அம்மா எப்போதுமே நான் போதும் என்று சொன்னால் கேட்கிறவள்.